சொந்த ஊர் எது?

இரண்டு மாதங்களுக்கு முன்பு காலை நிகழ்ச்சியில் ஓர் அம்மா கிள்ளானிலிருந்து அழைத்தார். பாடலைக் கேட்டதும் போனை வைத்துவிடவில்லை. "நீங்க எந்த ஊரும்மா? பேச்சைக் கேட்டா தோட்டத்துப் பிள்ளை மாதிரி இருக்கே," என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "சிரம்பான்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலைப் போட்டேன்.

அன்று மாலை அப்பாவிடமிருந்து போன். என் நிகழ்ச்சி ஒன்றைக்கூட அவர் தவற விடுவதில்லை. தவறுகளையும் விடுவதில்லை.

"ஏம்மா, சிரம்பான்ல நீ எந்தத் தெருவுல பொறந்த?"

"அது வந்துப்பா... சுங்கை காடுட்னு சொன்னா யாருக்கும் தெரியாது. அப்புறம் செனவாங் பக்கத்துல, ரெம்பாவ் போற வழியிலன்னு விளக்கிக்கிட்டே இருக்கணும்."

"விளக்கினா என்ன? பேசுறதுக்குத்தானே உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மை என்னவென்றால், விளக்குவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. மூன்று ஆண்டுகள் ஊடகத்துறை படித்தேன். ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சிகள் செய்திருக்கிறேன். வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனால், அந்த ஊர் நதியின் பெயர், அதன் கரையில் இருக்கும் கோட்டையின் வயது எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன். என் ஊரின் பெயரிலேயே ஓர் ஆறு இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திட்டம் எளிமையானது. எங்கள் ஊர்த் தண்ணீர் போகிற வழியிலேயே, அது கடலில் கலக்கும் இடம்வரை போய்ப் பார்ப்பது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். இப்போதாவது சொல்ல வேண்டுமே. சிரம்பானிலிருந்து தெற்கே, செனவாங்கைத் தாண்டினால் சுங்கை காடுட். ரயிலில் போகிறவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். 2011இல் கம்யூட்டர் ரயில் சேவை சிரம்பானைத் தாண்டி முதலில் நீட்டிக்கப்பட்டது எங்கள் ஊர் வரைக்கும்தான். பிறகுதான் ரெம்பாவ், தம்பின் பக்கம் போனது. துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டை இங்கேதான் இருக்கிறது. காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள், மாலையில் மோட்டார் சைக்கிள் கூட்டம், நடுவில் வரிசை வீடுகள். புதிதாக வருகிறவர்களுக்கு, நேற்றுத்தான் முளைத்த ஊர் போலத் தோன்றும்.

ஆனால் பெயர் நேற்று வைத்ததில்லை. 'சுங்கை' என்றால் ஆறு என்று நம் எல்லோருக்கும் தெரியும். சுங்கை பட்டாணி, சுங்கை சிப்புட், சுங்கை பூலோ என்று நாளுக்குப் பத்து முறை சொல்கிறோம். சொல்லும்போது ஆறு மட்டும் மனதுக்கு வருவதில்லை. இந்த நாட்டில் சாலைகள் வருவதற்கு முன்பு ஆறுகள்தான் சாலைகள். ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்று சொல்ல, எந்த ஆற்றங்கரையில் என்று சொன்னால் போதும். அதனால்தான் இத்தனை ஊர்களுக்கு ஆற்றின் பெயர். சிரம்பான் வட்டாரத்தின் பழைய பெயரும் 'சுங்கை உஜோங்'தான். அதிலும் ஓர் ஆறு.

இந்த வட்டாரத்து ஓடைகளும் சிற்றாறுகளும் கடைசியில் ஒரே ஆற்றில்தான் போய் விழுகின்றன. அதுதான் லிங்கி. சிரம்பானுக்குக் கிழக்கே இருக்கும் மலைகளில் பிறந்து, சிரம்பான் நகரைக் கடந்து, ரந்தாவ் வழியாகத் தென்மேற்கே போகிறது. ரெம்பாவ் பக்கத்துத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு ரெம்பாவ் ஆறு வந்து அதில் கலக்கிறது. இரண்டும் ஒன்றாகி, அகலமாகி, கோலா லிங்கியில் மலாக்கா நீரிணையைத் தொடுகிறது. அந்த முகத்துவாரத்தில் ஒரு கரை நெகிரி செம்பிலான், மறு கரை மலாக்கா.

வழியில் ரந்தாவில் நிறுத்தினோம். பழைய கடை வரிசையில் தேத்தண்ணி குடித்தபோது அப்பா, "ரந்தாவ்னா என்ன அர்த்தம் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. ஆற்றின் ஒரு நீண்ட நீட்டத்துக்கு, கரையோரத்துக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் அது. இன்னொரு பொருளும் உண்டு. பிழைப்புத் தேடிப் பிறந்த ஊரை விட்டுப் போவதை 'மெரந்தாவ்' என்பார்கள். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களில் பலருடைய முன்னோர், சுமத்ராவின் மினாங்கபாவிலிருந்து அப்படிப் புறப்பட்டு வந்தவர்கள்தான். சொத்து தாய்வழியில் மகளுக்குப் போகும் அவர்களுடைய 'அடாட் பெர்பாதே' வழக்கம் இன்றும் இந்த மாநிலத்தின் அடையாளம்.

"அவுங்க சுமத்ராவுலேருந்து வந்தாங்க. நம்ம ஆளுங்க கப்பல்ல நாகப்பட்டணத்துலேருந்தும் மெட்ராஸ்லேருந்தும் வந்தாங்க. எல்லாருமே ரந்தாவுதான்," என்று சொல்லிவிட்டு அப்பா சாசரில் தேத்தண்ணியை ஊற்றி ஆற்றினார்.

ரந்தாவிலிருந்து லிங்கி போகும் சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை. நடுநடுவே ரப்பர் மரங்கள். லிங்கி மிகச் சிறிய பட்டணம். பட்டணம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். சில கடைகள், பழைய பள்ளிவாசல், மரத்தடியில் தூங்கும் பூனைகள். அந்த ஞாயிறு மதியத்தில் சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஆற்றுக்காகச் சண்டை நடந்தது. காரணம் ஈயம். சிரம்பான் பக்கம் தோண்டிய ஈயம் படகுகளில் ஏறி, இந்த ஆற்றின் வழியாகத்தான் மலாக்காவுக்குப் போனது. அரிசியும் அபினும் அதே வழியில்தான் மேலே வந்தன. வேறு பாதை கிடையாது. அப்படியானால் ஆற்றங்கரையில் ஒரு மேடான இடத்தைப் பிடித்து, மரக்கட்டைகளால் ஒரு காப்பரண் கட்டி, இரண்டு பீரங்கியை வைத்துக்கொண்டால் போதும். கீழே போகிற படகுகள் எல்லாம் நின்று வரி கட்ட வேண்டும். கொஞ்ச தூரத்தில் இன்னொருவரின் காப்பரண், இன்னொரு வரி. இன்றைக்கு நெடுஞ்சாலைச் சாவடிகளைக் கடக்கும்போது நாம் முணுமுணுக்கிறோமே, அதே முணுமுணுப்பு அன்று மலாக்கா வியாபாரிகளிடமும் இருந்தது. அவர்கள் போய் ஆங்கிலேய ஆளுநரிடம் முறையிட்டார்கள்.

1874 ஏப்ரலில் சுங்கை உஜோங்கின் டத்தோ கெலானா, ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க்குடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். லிங்கி ஆற்றில் போக்குவரத்து தடையில்லாமல் நடக்க வேண்டும், வரி நியாயமாக இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக ஆங்கிலேயர் பாதுகாப்புத் தருவார்கள் என்பது அதன் சாரம். சுங்கை உஜோங்கின் இன்னொரு தலைவரான டத்தோ பண்டார் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆங்கிலேயப் படை உள்ளே வந்துவிட்டது. பங்கோர் ஒப்பந்தத்தைப் பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். அதே ஆண்டில், நெகிரி செம்பிலானுக்குள் வெள்ளைக்கார ஆட்சி வந்த வாசல் இந்த ஆறு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒருவேளை சொல்லியிருக்கலாம். நான்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

லிங்கிக்குப் பக்கத்திலேயே பெங்காலான் கெம்பாஸ். 'பெங்காலான்' என்றால் படகுத்துறை. கெம்பாஸ் ஒரு காட்டு மரம். இங்கேதான் அப்பா என்னை அதிக நேரம் நிற்க வைத்தார். சாலையோரமாக, வேலி போட்ட ஒரு சிறிய வளாகம். உள்ளே ஷேக் அகமது மஜ்னூன் என்பவரின் கல்லறை. அதன் கல்லில் உள்ள ஜாவி எழுத்து, ஆண்டை ஹிஜ்ரி 872 என்று சொல்கிறது. அதாவது 1467. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம். போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பு.

அதே கல்லின் இன்னொரு பக்கத்தில் வேறோர் எழுத்து இருக்கிறது. அது கவி. ஜாவாவிலும் இந்த வட்டாரத் தீவுகளிலும் புழங்கிய பழைய எழுத்து. இந்தக் கவி எழுத்தின் மூலம் எது தெரியுமா? பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த எழுத்து. காஞ்சிபுரத்துப் பக்கம் கல்லில் வெட்டிய எழுத்தின் பேரப்பிள்ளை, சுங்கை காடுட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில், ஓர் இஸ்லாமியப் பெரியவரின் கல்லறையில், ஜாவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நம்மவர்கள் ரப்பர் மரம் வெட்ட வந்துதான் இந்த மண்ணுக்கும் நமக்கும் உறவு தொடங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்து நமக்கு முன்பே வந்து இடம் பிடித்து வைத்திருக்கிறது.

கல்லறைக்குப் பக்கத்தில் மூன்று நெட்டுக்குத்துக் கற்கள் நிற்கின்றன. அவற்றின் வடிவத்தைப் பார்த்து மக்கள் வைத்த பெயர்கள் வாள், கரண்டி, சுக்கான். இப்படி நட்டுவைத்த கற்கள் நெகிரி செம்பிலானிலும் மலாக்காவிலும் பல இடங்களில் உண்டு. 'உயிருள்ள கற்கள்' என்பார்கள்.

அங்கே ஒரு கல்லில், கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதற்குள் கையை விட்டுக்கொண்டு பொய் சொன்னால், துளை சுருங்கிக் கையைப் பிடித்துக்கொள்ளும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. அந்தக் காலத்து நீதிமன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "கையை விட்டுட்டு, 'நான் சிரம்பான்'னு சொல்லு பார்ப்போம்."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். இவ்வளவு பெரிய வரலாறு இருந்த இடம் ஏன் இப்படித் தூங்குகிறது? அப்பா பதில் சொல்லாமல் காரில் ஏறினார். பதில் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. ஈயம் ரயிலில் ஏறியது. படகில் நாள்கணக்கில் போனது, சில மணி நேரத்தில் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆற்றில் வரி வாங்க இனி யாரும் உட்கார வேண்டியதில்லை. படகுக்காரர், துடுப்புப் போட்டவர், மூட்டை இறக்கியவர், அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர் எல்லோருக்கும் வேலை போனது. பட்டணத்தை யாரும் அழிக்கவில்லை. பாதை மாறியது, அவ்வளவுதான். அந்த ரயில் பாதையிலும் இன்று ரயில் ஓடுவதில்லை என்பது தனிக் கதை.

நம் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. சுங்கை உஜோங் பக்கம் வெள்ளைக்காரர்கள் முதலில் நட்டது ரப்பர் அல்ல, காப்பி. இலங்கையில் காப்பித் தோட்டம் நடத்திப் பழகிய துரைமார்கள் சிலர் இங்கே வந்தார்கள். அவர்கள் வந்தால் தமிழ்த் தொழிலாளர்களும் வருவார்கள்தானே. 1890களின் இறுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்திருந்த ரப்பர், அந்த நேரத்தில்தான் தோட்டப் பயிராகத் தலையெடுத்தது. மோட்டார் வாகனங்களுக்கு டயர் வேண்டியிருந்தது. காடு அழிந்து தோட்டமானது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தார்கள். 1909இல் ரயில் ஜொகூர் பாரு வரைக்கும் போய்விட்டது. எங்கள் ஊர் வழியாகப் போகும் தண்டவாளம் அந்தப் பாதைதான். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் பாட்டியின் பெற்றோர் வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

பாட்டியின் அண்ணன், ஜப்பான்காரன் காலத்தில் அதே தண்டவாளத்தில் வடக்கே போனவர். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது போனார். திரும்பவில்லை. பாட்டி கடைசிவரை ரயிலில் ஏற மறுத்ததற்கு அதுதான் காரணம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா சொன்னார். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது, "பாட்டிக்கு ரயில்னா பயம்" என்று கிண்டல் செய்திருக்கிறோம்.

பாட்டிக்குப் பிடித்தது ஆறு. எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு சிற்றாறு ஓடியது. வெட்டு முடிந்து வந்தவர்கள் பால் வாடை போகக் குளித்தது அங்கே. துணி துவைத்தது அங்கே. யாராவது இறந்துபோனால் கருமாதி நடந்தது அங்கே. ஆண்டுக்கு ஒருமுறை மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் ஜோடித்ததும் அங்கேதான். விடியற்காலையில் பூசாரி தண்ணீரில் இறங்கிக் குடத்தை முங்கி எடுப்பார். உடுக்கைச் சத்தம் கேட்கும். கரையில் பாட்டி ஈரப் புடவையோடு கைகூப்பி நிற்பார். எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். அந்த ஆற்றின் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. 'ஆத்தங்கரை' என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும்.

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடுகள் வந்தன. லயங்கள் உடைக்கப்பட்டன. ஆள்கள் சிரம்பானுக்கும், செனவாங்குக்கும், கோலாலம்பூருக்கும் பிரிந்தார்கள். நெகிரி செம்பிலான் தோட்டத்துக் குடும்பம் எதைக் கேட்டாலும் இதே வரிசையில்தான் சொல்வார்கள். ஆற்றை நேராக்கி, இரண்டு பக்கமும் சிமெண்டு போட்டார்கள். இப்போது அது பார்ப்பதற்கு ஒரு பெரிய கால்வாய். புதிதாகக் குடிவந்தவர்கள் அதை 'லொங்காங்' என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது அப்படித்தான் இருக்கிறது.

கோயில் மட்டும் இடம் மாறி நிற்கிறது. திருவிழாவும் நடக்கிறது. ஆனால் கரகம் இப்போது குழாயடியில் ஜோடிக்கப்படுகிறது. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு, அதைத்தான் ஆறு என்று வைத்துக்கொள்கிறோம். போன ஆண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். என்ன சொல்ல வந்தார் என்று இப்போது புரிகிறது.

சாயங்காலம் கோலா லிங்கிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு அங்கே இவ்வளவு அகலமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மலாக்கா கரையில் டச்சுக்காரர்கள் 1757இல் கட்டிய கோட்டையின் மிச்சம் இருக்கிறது. ஆற்றில் போகும் ஈயத்துக்கு அவர்களும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அதைக் 'கோத்தா சுப்பாய்' என்கிறார்கள். சுப்பாய் என்பது நம் ஊரில் சொல்லும் சிப்பாய்தான் என்பார்கள். கோட்டை டச்சுக்காரருடையது, பெயர் சிப்பாயுடையது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காவல் நின்றவன் பெயராவது ஓர் இடத்தில் நிலைத்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

லிங்கி ஆற்றில் முதலைகள் உண்டு. இரவில் கரையோர மரங்களில் மின்மினிகள் மொய்க்கும். இரண்டையும் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கிற தண்ணீர்தான் போர்ட்டிக்சன் வட்டாரக் குழாய்களுக்குப் போகிறது. வார இறுதியில் பிள்ளைகளோடு போர்ட்டிக்சனுக்குப் போய், கடலில் குளித்துவிட்டு, ஹோட்டலில் உப்புப் போகக் குளிக்கிறீர்கள் அல்லவா? அந்தத் தண்ணீரில் எங்கள் ஊர் ஓடையின் தண்ணீரும் கொஞ்சம் கலந்திருக்கிறது. மேலே நாம் லொங்காங் என்று நினைத்துக் குப்பையைப் போடுகிறோம், எண்ணெயை ஊற்றுகிறோம். அது லொங்காங் அல்ல, ஆறு. கீழே அதைக் குடிக்க ஆள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதன் கரையில் கைகூப்பி நின்றவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்பா வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாட்டியோட சாம்பலை போர்ட்டிக்சன்ல கரைச்சோமே, நினைவிருக்கா? அப்ப ஒரு பெரிசு சொன்னாரு, நம்ம ஆத்துலயே கரைச்சிருந்தாலும் அது இங்கதான்யா வந்திருக்கும்னு," என்றார்.

எனக்கு நினைவிருந்தது. அன்று எனக்கு அது பெரியவர்கள் பேசும் சமாதான வார்த்தையாகத்தான் பட்டது. அவர் பூகோளம் பேசியிருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தேன். லிங்கிப் பட்டணத்துக்கு நடந்ததுதான் எங்கள் தோட்டத்துக்கும் நடந்தது. பாதை மாறியதும் ஊர் காலியானது. ஆனால் ஒரு வித்தியாசம். லிங்கிக்கு ஒப்பந்தம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, கல்லில் வெட்டிய எழுத்து இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து வருகிறவனும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் தோட்டத்துக்கு இருப்பது என் அப்பாவின் ஞாபகம் மட்டும். ஆத்தங்கரை எங்கே இருந்தது, எந்த லயத்தில் யார் இருந்தார்கள், பாட்டி ஏன் ரயிலில் ஏறவில்லை என்பதெல்லாம் அவர் ஒருவரிடம் இருக்கிறது. அவருக்கு வயது 68. போன மாதம் வீட்டுச் சாவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேடினார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஊரார் கதையைப் பதிவு செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒலிவாங்கி, பதிவுக் கருவி, தொகுக்கும் மென்பொருள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சொந்த அப்பாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கவில்லை. இப்போது ஞாயிறுதோறும் கேட்கிறேன். கைப்பேசியில்தான் பதிவு செய்கிறேன். ஒலிவாங்கியைக் கண்டால் அவர் மேடைத் தமிழ் பேச ஆரம்பித்துவிடுகிறார். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தோட்டத்தின் படத்தை அவரையே வரையச் சொல்லியிருக்கிறேன். முதலில் ஆற்றை வரைந்தார். பிறகு கோயில், பிரட்டுக்களம், லயங்கள், கடை. ஆற்றை வரையாமல் மற்றதை வைக்க இடம் தெரியவில்லை என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். இன்று ஞாயிறுதானே. சாப்பிட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம தோட்டத்துல ஆறு எந்தப் பக்கம் ஓடுச்சு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

போன வாரம் அந்தக் கிள்ளான் அம்மா மறுபடியும் அழைத்தார். பாடல் கேட்டு முடித்ததும் நானே சொன்னேன். "அம்மா, அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, எந்த ஊருன்னு. சிரம்பான்னு சொல்லிட்டேன். என் ஊரு சுங்கை காடுட்."

"அட, காடுட்டா? கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி நானும் அந்தப் பக்கத்துத் தோட்டம்தான்மா. நானும் வெளியில சிரம்பான்னுதான் சொல்லுவேன்," என்றார்.

அடுத்த பாடலைக் கொஞ்சம் தாமதமாகத்தான் போட்டேன்.